கேத்தல்ல கை பட்டுச்சு, இழுத்தது யாரு?

கேள்வி – ஜூன் 4, மாலை 6.10

நேத்து கரண்ட் போயிருச்சு, குசினில இருட்டு. அடுப்பு மேல இருந்த கேத்தல்ல கை பட்டுருச்சு. கை வெளிய வந்தப்புறம்தான் ஐயோ சுட்டுருச்சேன்னு எனக்கே தெரிஞ்சுது. கிளாஸ்ல மூளை மின்னல் வேகத்துல உத்தரவு குடுக்குதுன்னு சொல்லிக்குடுத்தாங்க. உத்தரவு குடுத்தவருக்கே விசயம் லேட்டாத்தான் தெரியுமா? கரப்பான், பூனை, மீன் எல்லாம் நம்மள விட வேகமா தப்பிக்குதே, அதுங்களுக்கு என்ன மூளை ஸ்பீடா?

ஜூன் 4, இரவு 9.20

மூளை ஸ்பீடு இல்ல தம்பி. மூளைய கேக்கவே இல்ல, அதான் ஸ்பீடு.

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் 14 வருசமா ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்களுக்கு விஞ்ஞானம் டியூசன் எடுக்குறேன், வருசத்துக்கு ஒருத்தனாவது இதே கேள்விய கேப்பான், கேக்குறவன் கட்டாயம் கை சுட்டவனாத்தான் இருப்பான். விரல் தோல்ல சூட்டுக்கும் வலிக்கும்னே வாங்கிகள் இருக்கு. அங்க கெளம்புற கணத்தாக்கம், அதாவது நரம்புல ஓடுற மின்செய்தி, புலன் நரம்பு வழியா கழுத்தடிக்கு வந்து முதுகெலும்புக்குள்ள இருக்கிற முண்ணாணுக்குள்ள நுழையுது. அங்க இடைத்தூது நரம்புக்கலம் வாங்கி இயக்க நரம்புக்குக் குடுக்குது, அது புயத்துத் தசைய சுருக்குது, கை வந்துருது. இந்தச் சுத்துக்கு பேர்தான் தெறிவில், அது செய்ற வேலைக்கு பேர் தெறிவினை. மூளைக்கும் செய்தி போகுது, போகாம இல்ல, ஆனா அது பிரதி மாதிரி. மூளை கடிதத்த பிரிச்சு வாசிக்கிறதுக்குள்ள இங்க காரியம் முடிஞ்சிருது.

யூடியூப்ல இந்திய வீடியோ பாக்குறவங்களுக்கு ஒண்ணு: அவங்க அனிச்சைச் செயல்னு சொல்றதுதான் நம்ம தெறிவினை, அவங்க தண்டுவடம்தான் நம்ம முண்ணாண். பரீட்சைல நம்ம சொல்ல எழுதுங்க. எனக்கு நம்ம சொல்லுதான் புடிக்கும், எண்ணெய்ல கடுகு தெறிக்கிற மாதிரி கை தெறிச்சு வருதுல்ல.

இன்னொண்ணு கவனிச்சிருக்கியா, சூடு படும்போது வலி ரெண்டு தடவை வரும். முதல்ல சுரீர்னு ஒண்ணு, இடம் துல்லியமா தெரியும். அது அடங்குறதுக்குள்ள கபகபன்னு எரிச்சல் ஒண்ணு வந்து ஒக்காந்துக்கும், அதான் ராத்திரி பூரா இருக்கிறது. ரெண்டும் ஒரே நேரத்துலதான் விரல்ல இருந்து கெளம்புது, வர்ற ரோடுதான் வேற. முதலாவது மயலின்ங்கிற கொழுப்புக் கவசம் போட்ட மெல்லிய நார்ல செக்கனுக்கு 5ல இருந்து 30 மீட்டர் வேகத்துல வருது. ரெண்டாவது கவசமே இல்லாத நார்ல செக்கனுக்கு ஒரு மீட்டர், மிஞ்சிப்போனா ரெண்டு மீட்டர், நம்ம நடக்குற வேகம். விரல்ல இருந்து கழுத்தடிக்கு ஒரு மீட்டருக்கு கிட்ட. கணக்கு நீயே போட்டுக்க. கால் பெருவிரல கல்லுல இடிச்சா ரெண்டு வலிக்கும் நடுவுல இன்னும் கூட நேரம் கெடைக்கும், அந்த நேரத்துலதான் "ஐயோ இப்ப வரப்போகுது"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்போம்.

எங்க அம்மா 31 வருசம் கொழுந்து எடுத்துச்சு. அது கைய பாத்தா உனக்கு இந்தப் பாடமே தேவையில்ல, கண்ணு பாக்குறதுக்கு முன்ன விரல் கிள்ளிரும். அதுவும் இதே தெறிவினைதான்.

ஜூன் 4, இரவு 9.45

தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரே வரில: மலையில நெருப்பு புடிச்சா கங்காணி பங்களாவுக்கு ஆள் அனுப்பி, தொரை எழும்பி, அவரு உத்தரவு வாங்கிட்டா தண்ணி ஊத்துவாரு? ஊத்திட்டு அப்புறம்தான் ஆபீசுக்கு சொல்லுவாரு. முண்ணாண் கங்காணி. மூளை தொரை.

ஜூன் 5, காலை 6.50

டொக்டர் முழங்கால்ல சுத்தியலால தட்டுறது பத்தி கேட்டிருந்தாங்க. அது இதவிட சின்னச் சுத்து, நடுவுல இடைத்தூது ஆளே கெடையாது, புலன் நரம்பு நேரா இயக்க நரம்பத் தொடுது, ஒரே ஒரு நரம்பிணைப்பு. தட்டுனதுல இருந்து கால் எழும்ப ஏறக்குறைய 50 மில்லிசெக்கன்தான். 1875ல எர்ப், வெஸ்ட்பால்னு ரெண்டு ஜெர்மன் டொக்டருங்க ஒரே வருசத்துல தனித்தனியா எழுதுனாங்க. தட்டுறது தொடைத் தசை கொஞ்சம் இழுபடத்தான். நின்னுக்கிட்டு இருக்கும்போது முழங்கால் லேசா மடங்குனா விழாம புடிச்சுக்கிறதும் இந்தச் சுத்துதான், டொக்டருக்காக ஒடம்புல வச்சது இல்ல.

ஜூன் 7, பகல் 2.15

மழை விடல. வகுப்புக்கு வந்த புள்ளைங்க கால்ல அட்டை, அதனால இன்னைக்கு பாடம் அட்டை.

ஒண்ண எடுத்து வெள்ளக் கடதாசில வச்சோம். அது பின் உறிஞ்சிய ஊனிக்கிட்டு முன்பக்கத்த தூக்கி இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுது, நம்ம மூச்சு, ஒடம்புச் சூடு, தரையில நம்ம காலடி அதிர்வு எல்லாத்தையும் தேடுது. பக்கத்துல ஊதுனேன், ஊதுன பக்கமே திரும்புச்சு, ஒரு புள்ள வீல்னு கத்துச்சு. அப்புறம் ஈர்க்குக் குச்சியால தலப்பக்கம் லேசா தொட்டா மொத்த ஒடம்பும் ஒரே இழுப்புல குட்டையாயிருச்சு, ஒரு கொட்டைப்பாக்கு அளவு. நடு ஒடம்புல ஒரு பக்கமா தொட்டா அப்புடி இல்ல, அந்த இடம் மட்டும் குச்சிய விட்டு விலகி வளையுது. ஒரே குச்சி, ஒரே தொடுகை, இடத்துக்கு ஏத்த பதில்.

அட்டைக்கு மூளை ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. வைத்தியத்துக்கு வளக்குற அட்டையத்தான் ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நுணுக்கமா பாத்திருக்காங்க, நம்ம மலையில ஏறுறது அதோட சொந்தக்காரன். தலையில நாலு திரட்டு (நரம்புக்கலங்க கூடி இருக்கிற முடிச்சு) ஒண்ணா ஒட்டி, நடு ஒடம்புல 21, வால்ல ஏழு ஒண்ணா ஒட்டி, மொத்தம் 32. நடுவுல இருக்கிற ஒவ்வொண்ணுலயும் ஏறக்குறைய 400 நரம்புக்கலம். லேசா தொட்டா ஒரு வகைக் கலம் பேசும், அமுக்குனா இன்னொரு வகை, குத்தி நோகடிச்சா மூணாவது வகை. ஒடம்ப வளைக்கிறது அந்தந்த எடத்துத் திரட்டே பாத்துக்குது. மொத்தமா சுருங்குறப்ப தலையில இருந்து வால் வரைக்கும் கலத்துக்குக் கலம் கைகோத்த மாதிரி ஒரு வேகமான லைன் ஓடுது, நடுவுல மருந்து மாத்திரை மாதிரி வேதிப்பொருள் எதுவும் கைமாத்தாம மின்னோட்டமே நேரா அடுத்த கலத்துக்குப் போகுது.

அதனால என் கங்காணி கதைய கொஞ்சம் மாத்துங்க. அட்டைகிட்ட ஒரு கங்காணி இல்ல, நெரைக்கு ஒரு கங்காணி. தொரை இருக்காரான்னே சந்தேகம்.

(அட்டைக்கு பொயலத்தண்ணியா சவர்க்காரமான்னு சண்டை ஆரம்பிக்க வேணாம். எங்க லயத்துல சவர்க்காரம்தான்.)

ஜூன் 7, இரவு 10.30

கரப்பான் தலைய வெட்டுனாலும் ஓடுமான்னு ஒருத்தர். ஓடும், நாள்கணக்குல உசுரோடவும் கெடக்கும். அதுல பயமுறுத்த ஒண்ணுமில்ல, ஓடுறதுக்கு தேவையான சாமான் தலையில இல்லவே இல்ல.

அடுத்த தடவ அடிக்கிறதுக்கு முன்ன அதோட பின்பக்கத்த பாருங்க, வால் மாதிரி குட்டையா ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கும். ஒவ்வொண்ணுலயும் மெல்லிசா 200க்கு மேல மயிர். நீங்க செருப்ப ஓங்குனதும் செருப்புக்கு முன்னால ஒரு காத்து போகுதுல்ல, அது அந்த மயிர வளைக்கும். எந்தப் பக்கத்து மயிர் எப்புடி வளைஞ்சுதுங்கறத வச்சு காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னு கணக்காயிரும், அங்க இருந்து தடிச்ச நரம்பு நார் நேரா கால் இருக்கிற நெஞ்சுப்பகுதித் திரட்டுக்குப் போகும், கரப்பான் எதிர்ப்பக்கம் திரும்பி ஓட ஆரம்பிச்சிரும். எல்லாம் சேர்த்து ஒரு செக்கனை இருபதாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. செருப்பு பாதி வழியில இருக்கும்போதே அது கெளம்பியாச்சு. இலையான் அடிக்கிற மட்டையில ஓட்டை ஓட்டையா வச்சிருக்கிறது இதுக்குத்தான், காத்து முன்னால தள்ளாது.

ஜூன் 9, இரவு 8.00

"செக்கனுக்கு இத்தன மீட்டர்னு யாரு அளந்தா, எதால அளந்தா?" நல்ல கேள்வி. 1850ல ஹெல்ம்ஹோல்ட்ஸ்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி. அவரோட வாத்தியார் மியூலர் நரம்புல போற வேகத்த மனுசனால அளக்கவே முடியாதுன்னு சொல்லி வச்சிருந்தாரு. இவரு தவளைக் காலு தசைய நரம்போட எடுத்து, தசைக்கு கிட்ட ஒரு தடவ மின்சாரம் குடுத்தாரு, தள்ளி ஒரு தடவ குடுத்தாரு. தள்ளிக் குடுத்தப்ப தசை கொஞ்சம் லேட்டா சுருங்குச்சு. தூரம் தெரியும், லேட்டும் தெரியும், வகுத்தா போதும். செக்கனுக்கு ஏறக்குறைய 27 மீட்டர் வந்துச்சு. மின்னலும் இல்ல ஒண்ணும் இல்ல, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. ஹட்டன் ரோட்டுல எந்த பஸ்ஸாவது அந்த வேகத்துல போனா மறுநாள் பேப்பர்ல வரும், அதுக்குமேல ஒண்ணும் இல்ல.

வேகத்த கூட்ட உசுருங்களுக்கு ரெண்டு வழி கெடைச்சுது. ஒண்ணு, நார தடிப்பாக்குறது. கணவாய் மீன்ல ஒரு நரம்பு நார் ஒரு மில்லிமீட்டர் தடிப்பு வரைக்கும் இருக்கும், வெறுங்கண்ணால பாக்கலாம். அவ்வளவு தடிச்சதாலதான் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி ரெண்டு பேரும் அதுக்குள்ள கம்பி விட்டு கணத்தாக்கம் எப்புடி உண்டாகுதுன்னே கண்டுபிடிச்சாங்க, 1963ல நோபல் பரிசு. ரெண்டாவது வழி நம்ம வழி, மயலின் கவசம். கவசம் இடையிடையே விட்டு விட்டு இருக்கும், கணத்தாக்கம் அந்த இடைவெளில மட்டும் எழும்பி எழும்பிப் போகும். கண்டி பஸ்ல எல்லா ஹோல்ட்லயும் நிறுத்துறதுக்கும் லிமிட்டட் ஸ்டொப்புக்கும் உள்ள வித்தியாசம். அதனால மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்கு தடிப்புள்ள நார்லயே நமக்கு செக்கனுக்கு நூறு மீட்டர தாண்டுது. கவசம் இல்லாம அந்த வேகம் வேணும்னா நம்ம முண்ணாண் தூண் மாதிரி இருந்திருக்கும், சட்டையே போட முடியாது.

குளிருக்கும் இதுல பங்கு இருக்கு. நரம்பு குளிர்ந்தா ஒரு பாகைக்கு செக்கனுக்கு ரெண்டு மீட்டர் அளவுல வேகம் கொறையும். நுவரெலியா பக்கம் ஜனவரி விடியக்காலைல கொழுந்து எடுக்குறவங்க விரல் மரத்துப்போச்சுன்னு சொல்லுறது சும்மா பேச்சு இல்ல.

ஜூன் 10, இரவு 9.10

ஜூன் 4, 9.20 பதிவுல கடைசியா, அம்மா கொழுந்து கிள்ளுறதும் தெறிவினைன்னு எழுதுனது தப்பு. எங்க அம்மாவே தப்புன்னு காட்டிருச்சு.

வகுப்புல அடிமட்டம் போட்டுப் புடிக்கிற சோதனை செஞ்சோம். ஒருத்தன் 30 சென்ரிமீட்டர் அடிமட்டத்த மேல புடிச்சிருப்பான், கீழ நீ ரெண்டு விரல விரிச்சு வச்சிருக்கணும், அவன் சொல்லாம விடுவான், நீ புடிக்கணும். எத்தன சென்ரிமீட்டர் விழுந்துச்சோ அதுல இருந்து நேரத்த கணக்கு போடலாம், 20 விழுந்தா ஏறக்குறைய 0.2 செக்கன். புள்ளைங்க 16ல இருந்து 22க்குள்ள புடிச்சாங்க, நான் 19. சரி இப்ப பாருங்கடான்னு வீட்டுக்குப் போய் அம்மாவ ஒக்கார வச்சு செஞ்சேன், ஒரு 10ல புடிக்கும்னு நெனச்சு, வகுப்புலயும் பெருமையா சொல்லிட்டுத்தான் வந்தேன்.

அஞ்சு தடவ. சராசரி 21.

என்னைய விட மெதுவு. அதுக்கு வயசு 63, அது ஒரு காரணம். ஆனா அதே கை, அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால இருக்கிற பத்துத் தேயிலைச் செடில கொழுந்து கிள்ளுறத பக்கத்துல நின்னு பாத்தேன், என்னால எண்ண முடியல. அப்பதான் புரிஞ்சுது. அது எதுக்கும் பதில் சொல்லிக்கிட்டு இல்ல. கண்ணு ரெண்டு கொத்து முன்னால போயிருது. கை இந்த ரெண்டு எலை ஒரு மொட்ட ஒடிக்கும்போது கண்ணு அடுத்ததுல கூட இல்ல, அதுக்கு அடுத்ததுல இருக்கு. விரல் தண்டத் தொட்டதும் முத்தலா இளசான்னு தெரியுது, முத்தல்னா கிள்ளாம நழுவுது. இது மூளை பழகிப் பழகி முன்கூட்டியே போட்டு வச்சிருக்கிற திட்டம். அடிமட்டம் எப்ப விழும்னு முன்கூட்டித் தெரியாது, அதனால கண்ணு, மூளை, முடிவு, கைன்னு முழு ரோட்டையும் ஓடணும், கண்ணோட விழித்திரை மட்டுமே பல மில்லிசெக்கன தின்னுரும். அந்த ரோட்டுல அம்மாவும் நானும் நீயும் ஒண்ணுதான்.

ஆக மூணு விசயம் இருக்கு, நான் ரெண்ட ஒண்ணாக் கட்டிட்டேன். கேத்தல் தெறிவினை. அடிமட்டம் மூளைய கேட்டு செய்றது. கொழுந்து எடுக்குறது கேக்காமலும் இல்ல கேட்டும் இல்ல, ஏற்கனவே சொல்லி வச்சது.

ஜூன் 10, இரவு 9.25

அம்மா கேட்டுச்சு: "விழுற கட்டைய புடிச்சா அரைப் பேராவது போடுவானா?" (தோட்டத்துல அரைப் பேருன்னா அரை நாள் சம்பளம்.)

ஜூன் 12, மாலை 5.40

இன்னொரு விடுபட்டது. கை இழுக்கிறதுன்னா மடக்குற தசை சுருங்குறது மட்டும்னு எழுதிட்டேன். நீட்டுற தசை அதே நேரம் தளராட்டி ரெண்டும் இழுபறி பண்ணி கை அங்கயே நிக்கும், கேத்தல் மேலயே. முண்ணாண் ஒருத்தனுக்கு "இழு"ன்னும் எதிராளிக்கு "விடு"ன்னும் ஒரே மூச்சுல சொல்லுது. இத விலாவாரியா காட்டுனவர் ஷெரிங்டன், நரம்பிணைப்புக்கு சினாப்ஸ்னு 1897ல பேரு வச்சவரும் அவருதான், 1932ல நோபல்.

கால்ல இது இன்னும் அழகு. கவ்வாத்து வெட்டுன மலையில வெறுங்காலோட நடந்தவங்களுக்குத் தெரியும், சீவிவிட்ட தண்டு ஈட்டி மாதிரி நிக்கும். வலது கால் மிதிச்சிருச்சுன்னா வலது கால் மடங்கி மேல வருது, அதே நேரம் இடது கால் விறைச்சு நீண்டு மொத்தப் பாரத்தையும் வாங்கிக்குது. இல்லாட்டி சரிவுல கூடையோட உருள வேண்டியதுதான். மிதிச்சது ஒரு கால், வேல செஞ்சது ரெண்டு கால். ஒருத்தி மிதிச்சதும் "ஸ்ஸ்"னு ஒத்தக்கால்ல நிப்பாளே, அந்த நிப்ப யாரும் அவளுக்கு சொல்லிக்குடுக்கல.

ஜூன் 14, இரவு 11.05

குளவி பத்தி எழுதச் சொல்லி மூணு பேர் கேட்டுட்டாங்க. எழுதாம தள்ளிக்கிட்டே இருந்தேன்.

எனக்கு அப்ப பதினொரு வயசு, லீவு நாளு, சித்திக்கு மத்தியானச் சோறு கொண்டு போனேன். நெரையில பதினஞ்சு இருபது பொம்பளைங்க. மேல டர்பன்டைன் மரத்துல கூடு இருந்தது எல்லாருக்கும் தெரியும், ஆபீஸ்லயும் சொல்லிருந்தாங்க, யாரும் ஒண்ணும் செய்யல. பருந்து தட்டுச்சோ காத்தோ, முதல்ல ஒரு சத்தம், தூரத்துல லொறி மலையேறுற மாதிரி. அப்புறம் ஆளுக்கொரு பக்கம். பொம்பளைங்களுக்கு ஓடுறது லேசு இல்ல, தலையில கயிறு, முதுகுல கூடை, இடுப்பச் சுத்தி படங்கு. சித்தி கீழ ரோட்டுக்கு கிட்டதான் நின்னுச்சு, ஒரே ஓட்டத்துல தப்பிச்சிருக்கலாம். ரெண்டு எட்டு கீழ வச்சுச்சு, நான் பாத்தேன். அப்புறம் நின்னு, திரும்பி, மேல என்கிட்ட வந்துச்சு. படங்க அவுத்து என் மேல போட்டு அமுக்கி அது மேலயே குப்புறப் படுத்துக்கிச்சு.

மருந்துக்காமராவுல சித்தி ஒடம்புல இருந்து 27 கொடுக்கு எடுத்தாங்க. பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போற லொறி வர ஒண்ணரை மணி நேரம். பொழச்சுக்கிச்சு. இன்னமும் அந்த வாசல்ல நின்னு அந்த லொறிய ஏசும்.

பாடத்துக்கு வருவோம். எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஓடும்போது நடுக்கம் இல்ல, எல்லாம் முடிஞ்சு ஆஸ்பத்திரி வாங்குல ஒக்காந்தப்புறம்தான் கால் தடதடன்னு ஆடுச்சு, பல்லு அடிச்சுச்சு. நரம்பு முதல் அலை, மில்லிசெக்கன்ல. சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பி கொட்டுற அட்ரினலின் ரெண்டாவது அலை, ரத்தத்துல கலந்து சுத்தணும், செக்கன்கணக்குல வரும், போகவும் நேரம் எடுக்கும். வேல முடிஞ்சப்புறமும் வீட்டுக்குப் போகாத ஆள் மாதிரி ஒடம்புக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கும்.

ஜூன் 15, காலை 7.20

நேத்து எழுதுனத வாசிச்சுட்டு எனக்கே ஒண்ணு மண்டையில தட்டுச்சு. 27 கொடுக்கு எடுத்தாங்கன்னு எழுதிருக்கேன். குளவி கொடுக்க விட்டுட்டுப் போகாது, இழுத்துக்கிட்டு மறுபடி குத்தும். கொடுக்க தோல்லயே விட்டுட்டு சாகுறது தேனீ. அப்ப இத்தன வருசமா குளவி குளவின்னு நாங்க சொன்னது மலைத்தேனீ, சிங்களத்துல பம்பரான்னு சொல்றது. தோட்டத்துல ரெண்டுக்கும் ஒரே பேருதான், கொட்டுனா எல்லாம் குளவி.

அது கூட்டுல ஒண்ணு பாக்கலாம், தூரத்துல நின்னு மட்டும். கூடு திறந்த அடை, மேல தேனீ ஒண்ணுமேல ஒண்ணா போர்வை மாதிரி மூடியிருக்கும். உண்மையான குளவி கிட்ட வந்தா ஒரு தேனீ வயித்த மேல தூக்கிக் காட்டும், பக்கத்துல உள்ளது பாத்து தூக்கும், அதுக்குப் பக்கத்துல உள்ளது... ஒரு செக்கனுக்குள்ள கூடு முழுக்க அலை ஓடிரும், காத்துல வயல் சாயுற மாதிரி. குளவி வெலகிப் போயிரும். ஒவ்வொரு தேனீக்குள்ளயும் தனித்தனி நரம்பு, ஆனா அலை கூட்டோடது.

ஒண்ணு கொட்டுனா மத்ததும் அங்கயே வர்றது வாசத்தால, கொடுக்குல இருந்து வாழைப்பழ வாசம் மாதிரி ஒண்ணு கெளம்பும். அதனால கைய வீசி அடிக்காதீங்க, முகத்த மூடிக்கிட்டு தூரம் போங்க. மூச்சு இழுத்தா, முகம் வீங்குனா, எத்தன கொட்டுன்னு எண்ணிக்கிட்டு நிக்காம ஆஸ்பத்திரி.

ஜூன் 17, இரவு 8.30

கொஞ்சம் லேசான விசயம். மாமாவோட காசல்ரி தண்ணிக்கரையில தூண்டில் போடப் போனேன், மாமா என் நிழல் தண்ணில விழுதுன்னு ஏசிக்கிட்டே இருந்தாரு. மீனுக்கு பின்மூளையில மௌத்னர் கலம்னு பெரிய சைஸ்ல ரெண்டு இருக்கு, பக்கத்துக்கு ஒண்ணு. இடது பக்கம் அதிர்வு வந்தா இடது கலம் ஒரு தடவ சுடும், அதோட நார் குறுக்க கடந்து வலது பக்கத் தசைய மொத்தமா சுருக்கும், மீன் ஆபத்துக்கு எதிர்ப்பக்கமா பிறை மாதிரி வளைஞ்சு பாயும். பத்து மில்லிசெக்கனுக்குள்ள ஆரம்பிச்சிருது. ஒரு கலம், ஒரு முடிவு.

ஆனா இவ்வளவு நேரா பதில் வச்சிருந்தா ஏமாத்துறவனும் வருவான். தென்கிழக்கு ஆசியாவுல மூக்குல ரெண்டு மீசை உள்ள தண்ணிப்பாம்பு ஒண்ணு இருக்கு. ஜே எழுத்து மாதிரி வளைஞ்சு அசையாம கெடக்கும். மீன் கிட்ட வந்ததும் கழுத்துப் பக்கத்த லேசா ஒரு துடிப்பு துடிக்கும், மீன் அதுக்கு எதிர்ப்பக்கம் பாயும், அங்கதான் பாம்பு வாய் காத்துக்கிட்டு இருக்கும். கெட்டானியாங்கிறவர் 2009ல வேகமான கெமரா வச்சுக் காட்டுனாரு. கங்காணி யோசிக்காம செய்வாருன்னு தெரிஞ்சவன் கங்காணிய வச்சே வேல பாத்துக்குவான்.

மாமாவுக்கு ஒண்ணும் மாட்டல. நிழல்தான் காரணமாம்.

ஜூன் 19, இரவு 10.00

தம்பி மறுபடி கேட்டிருக்கான்: "அப்ப மூளைக்கு இதுல அதிகாரமே இல்லையா சேர்?"

இருக்கு. என் கங்காணி கதை நொண்டுறது இங்கதான். தொரை லேட்டா தெரிஞ்சுக்கிறவரு மட்டும் இல்ல, முன்கூட்டியே உத்தரவு போட்டு வைக்கவும் முடியும். போன வருசம் அம்மா கொதிக்கிற சோத்துப்பானைய கரித்துணியோட எறக்குச்சு, துணி நழுவிருச்சு, விரல் நேரா பானையில. கீழ தங்கச்சி புள்ள தவழ்ந்துக்கிட்டு இருக்கு. அம்மா பானைய விடல. மூணு எட்டு நடந்து திண்ணையில வச்சுட்டுத்தான் கைய ஒதறுச்சு, ரெண்டு விரல்ல கொப்புளம். மூளையில இருந்து முண்ணாணுக்கு இறங்குற நரம்புகள் அந்தத் தெறிவில்ல அடக்கி வச்சிருச்சு. புள்ள கீழ இருக்குன்னு பானைய தூக்குறதுக்கு முன்னயே அம்மாவுக்குத் தெரியும், அதனால அடக்குறதுக்கு உத்தரவும் முன்னயே போயிருந்துச்சு. தெரியாம கேத்தல் தொட்டவனுக்கு அப்புடி உத்தரவு எதுவும் போகல, அதான் உன் கை வந்துருச்சு.

அம்மாகிட்ட கேட்டேன், அப்ப சுடலையான்னு. "சுட்டுச்சு, அதுக்கு?"ன்னுச்சு.

சித்தி விசயத்த இதோட சேத்து எழுதலாம்னு ஆரம்பிச்சு அழிச்சுட்டேன். அந்த ரெண்டு எட்டு கீழ வச்சது தெறிவினை இல்ல, திரும்புனதும் தெறிவினை இல்ல. அதுக்கு தெறிவில் படம் கீற எனக்கு மனசு வரல.

ஜூன் 22, காலை 6.15

வகுப்பு அடிமட்டத்த காணோம்னு மூணு நாளா தேடுனேன். அம்மா ராத்திரி அதால குசினில கரப்பான அடிக்கப் பாத்திருக்கு. கரப்பான் தப்பிச்சிருச்சு. அடிமட்டம் 17ல ஒடஞ்சு ரெண்டு துண்டு.

அடுத்த சோதனைக்கு யாராவது 30 சென்ரிமீட்டர் ஒண்ணு கொண்டாங்க.